செத்த ரயிலுக்கு ஒரு சுவர்

லாஸ் ஏஞ்சலஸ் டவுன்டவுனில் ஹிஸ்டாரிக் பிராட்வே என்றொரு சுரங்க ரயில் நிலையம். 2023 ஜூனில் திறந்தார்கள். உள்ளே நீளமான சுவர் ஒன்றில் வண்ணக் கண்ணாடிச் சில்லுகளால் ஆன மொசைக். மார்க் ஸ்டீவன் கிரீன்ஃபீல்ட் செய்தது. பெயர் 'ரெட் கார் ரெக்வியம்'. அந்தக் காலத்து மின்சார ரயிலுக்கு இரங்கல். அருமையான வேலை, கலைஞர்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனாலும் அதைக் கடக்கும்போதெல்லாம் வயிறு எரிகிறது.

எரியாமல் என்ன செய்யும்? பசிபிக் எலக்ட்ரிக் கம்பெனியின் சிவப்பு ரயில்கள் ஓடிய நாளில் இந்த வட்டாரத்தில் ஆயிரம் மைலுக்கு மேல் தண்டவாளம் கிடந்தது. அப்புறம் வீட்டுக்கு வீடு கார் வந்தது. தெருவில் அந்தக் கார்களுக்கு நடுவே மாட்டிக்கொண்டு ரயில் ஊர்ந்தது. கூட்டம் குறைந்தது. நஷ்டம் என்றார்கள், பஸ் போதும் என்றார்கள். ஒவ்வொரு தடமாக மூடிக்கொண்டே வந்து, 1961இல் லாங் பீச் தடத்தோடு கதையை முடித்தார்கள். அப்புறம் 1990இல், பெரும்பாலும் அதே தடத்தில், அதே லாங் பீச்சுக்கு மறுபடி ரயில் விட்டார்கள்! அந்த ரயில்தான் இன்று இந்த இரங்கல் சுவர் இருக்கிற நிலையத்துக்கு வந்து போகிறது. டவுன்டவுனில் விட்டுப்போன இணைப்பைப் போட 1.9 மைலுக்குச் சுமார் 180 கோடி டாலர் செலவு. பெற்றவள் இருந்தபோது ஒரு வாய்க் கஞ்சி ஊற்றாதவன், திதிக்கு வடை பாயசத்தோடு இலை போட்ட கதைதான்.

பழங்கதை, போகட்டும் என்று விட்டுவிடலாம். ஆனால் அன்று ரயிலைக் கொன்ற பேச்சு இன்றும் காதில் விழுகிறதே, அதுவும் நம்மவர்கள் வாயிலிருந்து. டிஸ்னி ஹாலில் கச்சேரி என்றால், "அடுத்த ஸ்டேஷனில் இறங்கினால் நடந்தே போய்விடலாம்" என்பேன். "ட்ரெயினா? அதுல யாருங்க போவா?" என்று பதில் வரும். ராத்திரியில் ரயில் குறைவு, பெட்டியில் பயம், வீட்டிலிருந்து ஸ்டேஷன் தூரம் என்பார்கள். எதுவும் பொய்யில்லை. ஆனால் காவல் போடு, வண்டி கூட்டு என்று கேட்க, ஏறுகிறவன் குரல்தானே வேண்டும்? ஏறாதவன் கேட்டால் எவன் மதிப்பான்?

இதில் அதிகம் படுகிறவர்கள், ஆறு மாதத்துக்கு ஊரிலிருந்து வருகிற பெற்றோர்கள். மதுரையில் ஷேர் ஆட்டோ பிடித்து ஊரையே சுற்றிய என் அம்மாவுக்கு, இங்கே ஒரு கட்டு கறிவேப்பிலை வாங்க நான் சனிக்கிழமை கார் எடுத்தாக வேண்டும். நம் கடைகள் இருக்கிற ஆர்ட்டீசியா பக்கமும் ஒரு காலத்தில் அந்தச் சிவப்பு ரயில் போயிருக்கிறது. அந்தப் பழைய பாதையிலேயே இப்போது புதுத் தடம் போடத் திட்டம். கடைசி நிறுத்தம் நம் கடைத்தெருவான பயனியர். எப்போது வரும்? 2035 வாக்கில் என்கிறார்கள். அம்மாவிடம் சொன்னேன். "அப்ப எனக்கு எண்பத்தாறு வயசுடா" என்றார்.

அங்கும் சுவர் நிறைய ஓவியம் வைக்கட்டும், சந்தோஷம். ஆனால் அந்த ரயிலிலும் நாம் ஏறாவிட்டால் மறுபடி நஷ்டக் கணக்குப் பேசுவார்கள், மறுபடி மூடுவார்கள், இன்னொரு கலைஞரைக் கூப்பிட்டு இன்னொரு இரங்கல் செய்யச் சொல்வார்கள். அதனால், ஐயா, அம்மா, மாதத்துக்கு ஒரு தடவையாவது ஏறித் தொலையுங்கள். முடியாதென்றால், டவுன்டவுனில் பார்க்கிங்குக்கு நாற்பது டாலர் பிடுங்கிவிட்டான் என்று இனிமேல் என்னிடம் வந்து புலம்பாதீர்கள்.