மொட்டை மாடி ஊஞ்சலுக்கு ஓர் உடுப்பு

"மாடியிலே இரும்புக் குழாய் நிறுத்தி, தேக்குப் பலகை ஊஞ்சல் போட்டிருக்கோம். ஐப்பசி மழைக்குப் பயந்து நீல பிளாஸ்டிக் ஷீட்டாலே தரை வரைக்கும் சுற்றி இறுக்கிக் கட்டினோம். தை மாசம் பிரிச்சுப் பார்த்தா பலகை பூராவும் கறுப்புக் கறுப்பாப் பூஞ்சணம், சங்கிலியிலே துரு. ஒரு சொட்டு மழை உள்ளே போகலை. அப்புறம் இது எப்படி வந்தது?" கிருஷ்ணன்கோவிலிலிருந்து ஒரு சகோதரி இப்படிக் கேட்டிருக்கிறார்.

மழை போகவில்லை, சரி. ஈரம் போயிருக்கிறதே அம்மா! பகலில் வெயில் பட்டதும் சிமென்டுத் தளத்தில் ஊறியிருந்த ஈரம் ஆவியாகி மேலே கிளம்புகிறது. பலகையில் இருந்த ஈரமும் சேர்ந்துகொள்கிறது. வெளியே போக வழியில்லை. ராத்திரி பிளாஸ்டிக் குளிர்ந்ததும் அந்த ஆவி உள்பக்கமே முத்து முத்தாகத் திரண்டு சொட்டுகிறது. இட்லிப் பானை மூடியைத் திருப்பிப் பார்த்திருக்கிறோமே, அதே கதைதான். மரத்தில் நூற்றுக்கு இருபது பங்குக்கு மேல் ஈரம் நின்றுவிட்டால் பூஞ்சணத்துக்கும் உளுத்துப் போவதற்கும் வாசல் திறந்த மாதிரி. மூடாமல் விட்ட ஊஞ்சல் நனையும், ஆனால் காற்றில் காய்ந்தும் விடும். இறுக்கி மூடிய ஊஞ்சலோ காயவே காயாது.

உங்கள் பக்கத்து உதாரணமே சொல்கிறேனே. ராஜபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி நெய்கிறார்கள். புண்ணைத் தூசியிலிருந்து மறைக்கவும் வேண்டும், காற்றுப் போகவும் வேண்டும் என்றுதான் அதைப் பருத்தி நூலில் நெய்கிறார்கள். புண்ணின் மேல் பிளாஸ்டிக் காகிதத்தைச் சுற்றி ஒரு வாரம் வைத்தால் என்ன ஆகும்? ஊஞ்சலுக்கும் அதேதான் ஆகியிருக்கிறது.

ஆகவே உறை வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரம், சித்திரை வெயில், ஆடிக் காற்று, அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை, இத்தனைக்கும் நடுவே திறந்த மாடியில் நிற்கிற தேக்குக்கு உடுப்பு கட்டாயம் வேண்டும். மூச்சு விடுகிற உடுப்பாக இருக்கட்டும், அவ்வளவுதான்.

துணியில் முதல் மதிப்பெண் கெட்டிக் கித்தானுக்கு. மெழுகு அல்லது நீர் காக்கும் மருந்து ஏற்றிய பருத்திக் கித்தான் மழையைத் தள்ளும், ஆவியைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே விடும். விலை கூடுதல்தான். மருந்து ஏற்றாத கித்தானாக இருந்தால், தைப்பதற்கு முன்னால் ஒருமுறை தண்ணீரில் ஊறப்போட்டுக் காய வைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் முதல் மழையிலேயே சுருங்கி, உறை குட்டைப் பாவாடையாகிவிடும். இரண்டாவது, கடைகளில் ஆயத்தமாகக் கிடைக்கும் பாலியெஸ்டர் உறை. லேசானது, சீக்கிரம் காயும். ஆனால் உள்பக்கம் ரப்பர் மாதிரி பூச்சு இருந்தால் அதுவும் பிளாஸ்டிக்குக்குத் தங்கைதான்; காற்றுக்கண் வைத்ததாகப் பார்த்து வாங்குங்கள். மலிவான நீல ஷீட்டோ நம் ஊர் வெயிலில் நாளடைவில் நைந்து, செதில் செதிலாக உதிர்ந்து, அந்தத் தூள் மாடித் தண்ணீர்க்குழாயில் போய் அடைக்கும்.

தையலுக்கு நம் வீட்டு மிஷின் சரிப்படாது, ஊசி ஒடியும். லாரித் தார்ப்பாய் தைப்பவர்களோ, கார் சீட் உறை தைப்பவர்களோ நன்றாகச் செய்து தருவார்கள். ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் மாதிரி லாரி ஓடுகிற ஊர்களில் அவர்களுக்குப் பஞ்சமில்லை. கொடுக்கும்போது நாலு விஷயம் சொல்லுங்கள். எல்லாப் பக்கமும் நாலு விரல் தளர்வு வேண்டும். அடி ஓரம் தரையைத் தொடாமல் ஒரு சாண் உயரத்தில் நிற்கட்டும். அந்த இடைவெளியில்தான் காற்று நுழையும், கறையானும் உறையைப் பிடித்து ஏறாது. மேலே உச்சிக்குக் கீழே இரண்டு பக்கமும் உள்ளங்கை அகலத்துக்குக் கண் விட்டு, மழை புகாதபடி அதன்மேல் ஒரு மடிப்புத் தொங்கட்டும். கடைசியாக, உச்சி தட்டையாக இருக்கவே கூடாது. நடுவில் ஒரு மூங்கிலைக் கொடுத்துக் கூரை மாதிரி இரண்டு பக்கமும் சரித்துவிடுங்கள்.

இந்தச் சரிவைப் பற்றிக் கொஞ்சம் அழுத்தியே சொல்ல வேண்டும். தட்டை உறையின் நடுவே குழி விழுந்து மழை தேங்கும். டெங்குவைப் பரப்புகிற ஏடிஸ் கொசுவுக்குக் குளம் குட்டை தேவையில்லை. தேங்கிய நல்ல தண்ணீர் கையளவு போதும். முட்டை கொசுவாக ஏறக்குறைய ஒரு வாரம், பத்து நாள்தான். தொட்டியை மூடி, பூந்தொட்டித் தட்டைக் கவிழ்த்து, தேங்காய் ஓட்டைப் பொறுக்கிப் போடுகிற நாம், ஊஞ்சலின் தலையில் ஒரு தண்ணீர்த் தொட்டி கட்டி வைக்கலாமா?

ஆடிக் காற்றையும் மறக்காதீர்கள். உறை போட்ட ஊஞ்சல் பாய்மரக் கப்பல் மாதிரி. காற்று வாங்கினால் சட்டத்தோடு சாயும். உறையை ஊஞ்சல் காலிலேயே கட்டினால் உறைதான் பறக்காமல் இருக்கும், சட்டம் நிற்பதற்கு அது உத்தரவாதமில்லை. தளத்தில் ஆணி அடித்து இறுக்கலாமே என்பீர்கள். தட்டோட்டைத் துளைத்தால் கீழ் அறையில் ஒழுகும். பிறகு அது தனி வைத்தியம். நாலு காலிலும் மணல் மூட்டை சாத்தி வைப்பது சுலபம்.

இனிச் சொல்லப் போவதைத்தான் இளம் தாய்மார்கள் கவனிக்க வேண்டும். உறை போட்ட பொருளை நாம் பார்ப்பதில்லை. மூன்று மாதம் கண்ணில் படாமல் இருந்த ஊஞ்சலை, பொங்கல் விடுமுறையில் பேரன் பேத்திகள் வந்ததும் அவசரமாகப் பிரித்து, "ஏறுங்கடா" என்று விடுகிறோம். பலகை நன்றாகத்தான் இருக்கும். ஆபத்து மேலே, கொக்கியில். வளையமும் கொக்கியும் உரசுகிற இடத்தில் இரும்பு நாளாவட்டத்தில் தேயும். தேய்ந்த இடத்தில் ஈரம் தங்கித் துரு அரிக்கும். கீழே நின்று பார்த்தால் தெரியாது. ஸ்டூல் போட்டு ஏறி, துருவைத் துணியால் துடைத்துவிட்டுப் பாருங்கள். பக்கத்துப் பாகத்தோடு ஒப்பிட்டால் கால் பங்கு மெலிந்திருக்கிறதா? பழுது பார்க்காதீர்கள், புதிதாகவே மாற்றிவிடுங்கள். கொக்கியின் விலை அற்பம். பிறகு கனத்த பெரியவர் ஒருவரை உட்கார வைத்து, மெதுவாக ஆட்டிப் பார்த்த பிறகே குழந்தைகள். உட்காருகிறவர் கோபித்துக்கொள்ளாமல் இருக்க வேண்டும்!

உறையைக் கட்டுகிற நாடாவை நீளமாகத் தொங்க விடாதீர்கள். குழந்தைகளுக்கு உறைக்குள் புகுந்து ஒளிந்து விளையாட ஆசை வரும். தொங்குகிற கயிறு கழுத்தில் மாட்டிக்கொண்டால் கூப்பிடக்கூடக் குரல் எழும்பாது. குட்டையாக வைத்து, முடிச்சுக்குப் பதில் அமுக்குப் பட்டையோ பொத்தானோ தைத்துக்கொள்வது நல்லது. பிரிக்கும்போது வெறுங்கையை உள்ளே விடாமல் முதலில் ஒரு கம்பால் தட்டுங்கள். இருட்டும் ஈரமும் உள்ள இடம் தேளுக்கு மாமியார் வீடு.

மெத்தை, தலையணைகளை உறைக்குள் விட்டுவைக்காதீர்கள். அதுவும் போடி இலவம்பஞ்சு என்றால் நிச்சயம் வீட்டுக்குள்தான். பூஞ்சணம் பிடித்த தலையணையில் முகம் வைத்த குழந்தைக்கு இழுப்பு இருந்தால் அது கூடும். பூச்சி வராமல் இருக்க ரசகற்பூர உருண்டை போடுகிற பழக்கத்தையும் விட்டுவிடுங்கள். ஜி6பிடி என்ற நொதி பிறவியிலேயே குறைவாக உள்ள குழந்தைகளுக்கு அந்த நாப்தலீன் பட்டாலே ரத்தத்தின் சிவப்பணுக்கள் சிதைந்து மஞ்சள் காமாலை காணும். யாருக்கு அந்தக் குறை என்று முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாதே. நன்றாக வெயிலில் காய்ந்த மெத்தைக்கு உலர்ந்த வேப்பிலை போதும்.

கறுத்துப் போன பலகையைக் கேட்டீர்கள். தேக்கு உளுத்துப் போயிருக்காது, பயப்படாதீர்கள். சோப்புத் தண்ணீரில் தேங்காய் நாரால் தேய்த்துக் கழுவி, நிழலில் ஒரு வாரம் நன்றாக உலர்த்தி, உப்புத்தாளை மரத்தின் ரேகையோடு ஓட்டி, ஆளிவிதை எண்ணெய் ஒரு பூச்சு கொடுங்கள். எண்ணெய் துடைத்த துணியை மட்டும் சுருட்டி மூலையில் எறிந்துவிடாதீர்கள். ஆளிவிதை எண்ணெய் காயும்போது சூடு கிளம்பும். சுருட்டிய துணி தானாகவே தீப்பிடிப்பது உண்டு. வெளியே விரித்துக் காயப் போட்டு, அப்புறம் தூரப் போடுங்கள். சங்கிலிக்குச் சமையல் எண்ணெய் வேண்டாம், தூசி ஒட்டிப் பிசுக்காகும். தையல் மிஷின் எண்ணெய் ஒரு சொட்டு.

அடுத்த மழைக்காலத்தில் வாரம் ஒருமுறை, மழை விட்ட வெயிலில், உறையை எடுத்து இரண்டு மணி நேரம் ஊஞ்சலுக்குக் காற்றுக் காட்டுங்கள். முடியாது, வீட்டில் ஆள் இல்லை என்றால் பழைய வீட்டு வழக்கம் இருக்கிறது. பலகையைக் கழற்றிக் கீழே கொண்டுவந்து, தரை படாமல் இரண்டு செங்கல் மேல் பக்கவாட்டில் நிறுத்திச் சுவரில் சாய்த்துவிடுங்கள். சட்டமும் சங்கிலியும் மட்டும் மாடியில் உறை போட்டு நிற்கட்டும்.