வட்டி பெரிதா, முதல் பெரிதா?



"எந்த வங்கியிலே போட்டால் கூடிய வட்டி கிடைக்கும்?" என்னும் வினாவைக் கோலியர்ஸ் வுட் கடைத்தெருவிலே நம்மவர் ஒருவரையொருவர் கேட்பதை நாம் அறிவோம். அகதிகளாய் வந்து, இரவு வேலையும் வார இறுதி வேலையும் செய்து சேர்த்த பணம் சும்மா கிடக்கலாகாது என்று எண்ணுவது இயல்பே. ஆயினும் வினாக்களுக்கும் ஓர் ஒழுங்குண்டு. முதல் பத்திரமாக இருக்குமா? பணம் எப்பொழுது தேவைப்படும்? இவ்விரண்டிற்கும் விடை கண்ட பின்னரே வட்டி வீதத்தைப் பற்றிக் கேட்டல் வேண்டும்.

1991ஆம் ஆண்டு ஜூலை 5ஆம் திகதி பி.சி.சி.ஐ. என்னும் வங்கி மூடப்பட்டது. இந்நாட்டில் அதனை நம்பியிருந்தோரில் ஆசியச் சிறுவணிகர் பலர். அன்றைய சட்டப்படி முதல் 20,000 பவுண்களின் முக்கால் பங்கே, அதாவது ஆகக் கூடியது 15,000 பவுண்களே, ஒருவருக்கு ஈடாகக் கிடைத்தது. இன்று நிலைமை வேறு. 2025 டிசம்பர் 1 முதல், அனுமதி பெற்ற ஒரு வங்கி முறிந்தால், ஒருவருக்கு 120,000 பவுண் வரை நிதிச் சேவைகள் இழப்பீட்டுத் திட்டம் ஈடு செய்யும். கூட்டுக் கணக்காயின் இருவருக்கும் தனித்தனியே அவ்வுரிமை உண்டு. ஆனால் இரு பெயர்கள் ஒரே அனுமதியின் கீழ் இயங்கலாம். எச்.எஸ்.பி.சி.யும் ஃபர்ஸ்ட் டைரக்டும் அவ்வாறானவை. இரண்டிலும் பணமிட்டாலும் எல்லை ஒன்றே.

இனி, நமது சீட்டுக்கு வருவோம். வங்கிகள் நம்மைத் திரும்பியும் பாராத காலத்தில், வீட்டுக்கு முற்பணமும் கடைக்கு மூலதனமும் தந்தது சீட்டே. அதனை இகழ்தல் நன்றி மறத்தலாகும். எனினும் தாய்ச்சியின் நாணயமே அதன் ஒரே காவல். அவர் நோயுற்றாலோ, சீட்டெடுத்தவர் ஊரை விட்டுப் போனாலோ, மேற்கூறிய திட்டம் ஒரு சதமும் தராது. இது நமக்கு மட்டும் உரிய ஆபத்தன்று. நத்தார்ப் பண்டிகைக்காகச் சிறுகச் சிறுகச் சேமித்த ஆங்கிலேயக் குடும்பங்களின் பணத்தோடு 2006 அக்டோபரில் ஃபேர்பக் என்னும் நிறுவனம் முறிந்தது. அது வங்கியன்று, ஆகவே பாதுகாப்பும் இருக்கவில்லை. பணமிட்டோர் பல ஆண்டுகள் காத்திருந்து ஏறக்குறைய பாதியையே பெற்றனர்.

வட்டிக் கணக்கிலும் கவனம் வேண்டும். மாதந்தோறும் பணமிடும் கணக்கொன்று நூற்றுக்கு 6 வட்டி தருவதாக வைத்துக்கொள்வோம். மாதம் 100 பவுண் வீதம் ஓராண்டில் 1,200 பவுண் இடுகின்றீர்கள். வட்டி 72 பவுண் என்று எண்ணுவீர்கள். கிடைப்பதோ சுமார் 39 பவுணே. முதல் மாதப் பணம் மாத்திரமே முழு ஆண்டும் அங்கிருந்தது. கடைசி மாதப் பணம் ஒரு மாதமே இருந்தது. சில கணக்குகளில் முதலாண்டில் மட்டும் கூடிய வட்டி தந்து, பின்னர் ஓசையின்றிக் குறைத்துவிடுவர். ஆண்டு முடியும் நாளை நாட்காட்டியிலே குறித்து வையுங்கள்.

யுனிவர்சல் கிரெடிட் பெறுவோர் இன்னொன்றையும் அறிதல் வேண்டும். கணவன் மனைவி இருவரினதும் சேமிப்பு சேர்ந்து 6,000 பவுணைத் தாண்டினால், மேலதிகமான ஒவ்வொரு 250 பவுணுக்கும் மாதம் 4.35 பவுண் கழிக்கப்படும். 16,000ஐத் தாண்டினால் உதவி நின்றுவிடும். 10,000 பவுண் வைத்திருப்பவர் மாதம் 69.60 பவுணை இழப்பார். நூற்றுக்கு 4 வட்டியாயினும் அவர் பெறுவது மாதம் 33 பவுண் அளவே. இதற்காகப் பணத்தை மறைத்தலோ பிறர் பெயரில் எழுதுதலோ கூடாது, அது குற்றமாகும். உள்ள கடனை அடைப்பது தவறன்று. கடனட்டைக்குக் கொடுக்கும் வட்டி, எந்தச் சேமிப்புக் கணக்கின் வட்டியையும் விடப் பெரிது. சீட்டுத் தாய்ச்சிமாரும் கவனிக்க: பிறர் பணம் உங்கள் கணக்கிலே கிடந்தால், அது உங்களுடையதன்று என்பதை எழுத்திலே காட்டவேண்டி வரலாம். கொப்பியும் பற்றுச்சீட்டும் வைத்திருங்கள்.

அதே குடும்பங்களுக்கு எந்த வங்கியும் தராத ஒரு வாய்ப்பும் உண்டு. 'ஹெல்ப் டு சேவ்' என்னும் அரசாங்கக் கணக்கு அது. யுனிவர்சல் கிரெடிட் பெற்றுக்கொண்டு, வேலை செய்து சிறிதேனும் ஊதியம் பெறுவோர் அதனைத் தொடங்கலாம். மாதம் 1 பவுண் முதல் 50 பவுண் வரை இடலாம். இரண்டாண்டு முடிவில், அதுவரை இருந்த மிகக் கூடிய தொகையின் அரைப்பங்கை அரசு மேலதிகமாகத் தரும். அடுத்த இரண்டாண்டில் தொகை மேலும் உயர்ந்திருந்தால், அவ்வுயர்விற்கும் அரைப்பங்கு உண்டு. ஆக, நான்காண்டில் 2,400 பவுண் சேமித்தவருக்கு 1,200 பவுண் கிடைக்கும். இடையிலே பணம் எடுக்கலாம். எடுத்தால் ஊக்கத்தொகை குறையக்கூடும். அரசாங்க இணையத்தளத்திலே விண்ணப்பிக்கலாம். ஆங்கிலம் தடையாயின், பள்ளி செல்லும் பிள்ளையைப் பக்கத்தில் இருத்திக்கொள்ளுங்கள். பிள்ளைக்கும் அது ஒரு கணக்குப் பாடமாகும்.

முடிவாகச் சொல்வதாயின்: முதலில் கடனை அடையுங்கள். மூன்று மாதச் செலவுக்கான பணத்தை நினைத்தவுடன் எடுக்கக்கூடிய கணக்கிலே வையுங்கள். அதற்கு மேற்பட்டதையே ஓராண்டு, ஈராண்டு நிலையான வைப்பிலே இடுங்கள். ஊரிலிருந்து நள்ளிரவிலே அவசரத் தொலைபேசி வரும் குடும்பங்கள் நம்முடையவை. பூட்டி வைத்த பணம் எவ்வளவு வட்டி ஈட்டினாலும் அந்த இரவிலே உதவாது.