ஒரே டி.வி., ஒரே ஒயர்... பேரனுக்கு வலி, தாத்தாவுக்கு வரம்!

எங்கள் வீட்டில் நடந்த கதையைச் சொல்கிறேன். உங்கள் வீட்டிலும் நடந்திருக்கலாம். இல்லாவிட்டால், இனிமேல் நடக்கலாம்!

கல்லூரியில் சேர்ந்த என் மகனுக்கு லேப்டாப் வாங்கிக் கொடுத்தோம். ஒரே வாரம்தான். "ஸ்க்ரீன் ரொம்பக் குட்டியா இருக்கும்மா. அந்தப் பழைய டி.வி. சும்மாதானே கிடக்கு? அதுல கனெக்ட் பண்ணிக்கிறேனே" என்று ஆரம்பித்தான்.

ஹாலுக்குப் புது டி.வி. வந்த பிறகு, பழைய 43 அங்குல டி.வி. பெட்ரூமில் போர்வை போர்த்தித் தூங்கிக்கொண்டிருந்தது. ஒரு ஒயர் வாங்கினால் வேலை முடிந்தது. பெரிய செலவு இல்லையே என்று நானும் தலையாட்டிவிட்டேன். டி.வி. அவன் படிக்கும் மேஜை மேல் ஏறியது. அவன் முகத்துக்கும் அதற்கும் நடுவே இரண்டடிகூட இல்லை.

பதினைந்தே நாள்! "கழுத்து பிடிச்சுக்கிச்சும்மா", "கண்ணு எரியுது", "தலை வலிக்குது" என்று தினம் ஒரு புலம்பல். பரீட்சை டென்ஷன் என்று தைலம் தேய்த்தேன். சரியாகவில்லை. கண் டாக்டரிடம் போனோம். பவரில் எந்த மாற்றமும் இல்லை. "எதைப் பார்த்துப் படிக்கிறே?" என்று கேட்டார். சொன்னான். டாக்டர் சிரித்துவிட்டார்.

"தியேட்டர்ல முதல் வரிசையில டிக்கெட் கிடைச்சா சலிச்சுக்குவே இல்லே? தினமும் அஞ்சு மணி நேரம் அதைத்தானே வீட்ல பண்ணிக்கிட்டு இருக்கே!"

வீட்டுக்கு வந்ததும், "முதல்ல இந்த டி.வி.யைத் தூக்கிக் காயலான் கடையில போடு" என்று நான் கத்தியது என் மாமனார் காதில் விழுந்தது. அவருக்கு 79 வயது. விழித்திரையின் நடுப்பகுதி வயதால் தேய்ந்துவிட்டது. "கண்ணாடி மாத்தினாலும் இதுக்கு மேல தெளிவு வராது. எழுத்தைப் பெரிசாக்கிக் கொடுங்க" என்று டாக்டர் சொல்லியிருந்தார். பூதக்கண்ணாடி வாங்கிக் கொடுத்தோம். கை நடுக்கத்தில் அது நிற்கவில்லை. ஒரு வருஷமாகப் பேப்பரையே தொடவில்லை. "எழுத்தெல்லாம் எறும்பு மாதிரி ஊருதும்மா" என்பார். அதற்கு மேல் எதுவும் சொல்லமாட்டார்.

அன்றைக்கு, "தாத்தா ரூம்ல வெச்சுப் பார்ப்போமா?" என்றான் மகன். அதே டி.வி., அதே ஒயர். இன்டர்நெட்டில் அன்றைய பேப்பரை வரவழைத்து, எழுத்தை உள்ளங்கை அகலத்துக்குப் பெரிசாக்கினான். மாமனார் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். ஒரு நிமிஷம் சத்தமே இல்லை. பிறகு, தலைப்புச் செய்தியை வாய்விட்டுப் படித்தார்.

நான் சமையலறைக்குப் போய்விட்டேன். கண்ணைத் துடைத்துக்கொள்ள வேண்டியிருந்தது.

ஒரே பொருள் எப்படி ஒருத்தருக்கு வலியும், இன்னொருத்தருக்கு வரமும் ஆனது? இதை யோசித்துப் பார்த்ததில் எனக்குப் புரிந்தது இதுதான்: கம்ப்யூட்டரை டி.வி.யில் இணைப்பது தப்பே இல்லை. டி.வி.யை கம்ப்யூட்டர் இருக்கிற மேஜைக்குக் கொண்டுவருவதுதான் தப்பு! கம்ப்யூட்டர்தான் டி.வி. இருக்கிற இடத்துக்குப் போக வேண்டும்.

இது ஒன்றும் புதுசில்லை!

ஏதோ இந்தக் காலத்துப் பிள்ளைகள் கண்டுபிடித்த வித்தை என்று நினைக்காதீர்கள். 1982-ல் வெளிவந்த 'கமடோர் 64', 'ஸெட் எக்ஸ் ஸ்பெக்ட்ரம்' போன்ற வீட்டுக் கம்ப்யூட்டர்களை வாங்கியவர்கள், அவற்றை வீட்டு டி.வி.யில் செருகித்தான் பார்த்தார்கள். தனி மானிட்டருக்குச் செலவழிக்க வேண்டாம் என்பதுதான் காரணம். நம் வீட்டுக் கணக்கும் அதேதான்!

'கிட்டக்க உட்காராதே... கண் கெட்டுப்போகும்!'

நம் அம்மாக்கள் எல்லோரும் சொன்ன வசனம். இதில் பாதி நிஜம், பாதி பழைய பயம். 1967-ல் அமெரிக்காவில் சில கலர் டி.வி.க்களிலிருந்து அளவுக்கு மேல் எக்ஸ்-ரே கசிவது தெரியவந்தது. அவற்றைத் திரும்பப் பெற்றுச் சரிசெய்தார்கள். 'டி.வி.யிலிருந்து தள்ளி உட்கார்' என்ற பேச்சு அப்போதிலிருந்து வலுத்தது. அதெல்லாம் உள்ளே கண்ணாடிக் குழாய் இருந்த காலம். இப்போதைய தட்டை டி.வி.யில் அந்தக் குழாயும் இல்லை, எக்ஸ்-ரேயும் இல்லை.

அப்படியானால் என் மகனுக்கு ஏன் வலித்தது?

43 அங்குல டி.வி.யின் அகலம் மூன்றடிக்கு மேல். இரண்டடி தூரத்தில் உட்கார்ந்தால் இடது மூலையையும் வலது மூலையையும் பார்க்க கழுத்தைத் திருப்பிக்கொண்டே இருக்க வேண்டும். மேல் வரியைப் படிக்க அண்ணாந்து பார்க்க வேண்டும். அண்ணாந்து பார்த்தால் கண் அகலமாகத் திறக்கும். ஈரம் சீக்கிரம் காயும். சாதாரணமாக நாம் நிமிடத்துக்கு ஏறக்குறைய 15 தடவை கண் சிமிட்டுகிறோம். திரையில் ஆழ்ந்துவிட்டால் அது பாதிக்கும் கீழே போய்விடும். எரியாமல் என்ன செய்யும்?

இன்னொன்று, புள்ளிகள். முழு ஹெச்.டி. டி.வி. எத்தனை பெரிதாக இருந்தாலும், குறுக்கே 1,920 புள்ளி, நெடுக்கே 1,080 புள்ளி, அவ்வளவுதான். 24 அங்குல மானிட்டரிலும் அதே எண்ணிக்கை. 43 அங்குலத்துக்கு இழுத்தால் ஒவ்வொரு புள்ளியும் அரை மில்லிமீட்டர் ஆகிவிடும். கிட்டத்தில் எழுத்தின் ஓரமெல்லாம் பிசிறு தட்டும். ஆறடி தள்ளிப் போனால் அதே எழுத்து பளிச்சென்று தெரியும். '4கே' டி.வி.யில் இந்தப் பிசிறு தெரியாது. ஆனால் கழுத்து? அது 4கே ஆகவில்லையே!

ஆறு மடங்குக் கணக்கு

சரி, தள்ளிப் போய் உட்கார்ந்தாகிவிட்டது. இப்போது எழுத்து தெரியவில்லை. உடனே முன்னால் குனிகிறோம், கண்ணைச் சுருக்குகிறோம். பலர் இங்கேதான் கோட்டை விடுகிறார்கள்.

புத்தகத்தை ஏறக்குறைய 16 அங்குல தூரத்தில் வைத்துப் படிக்கிறோம். ஹாலில் டி.வி.க்கும் சோபாவுக்கும் நடுவே எட்டடி என்று வையுங்கள். அது 96 அங்குலம், அதாவது ஆறு மடங்கு தூரம். எனவே எழுத்தும் ஆறு மடங்கு பெரிதாக இருக்க வேண்டும். புத்தகத்தில் ஒன்றரை, இரண்டு மில்லிமீட்டர் உயரமுள்ள எழுத்து, டி.வி.யில் ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் இருந்தால்தான் சிரமமில்லாமல் படிக்கலாம். ஸ்கேல் வைத்து அளந்தே பாருங்களேன்!

பெரிதாக்குவது சுலபம். இன்டர்நெட் பக்கமாக இருந்தால், கன்ட்ரோல் பட்டனை அழுத்திக்கொண்டு 'பிளஸ்' குறியைத் தட்டிக்கொண்டே போகலாம். விண்டோஸ் கம்ப்யூட்டராக இருந்தால், டிஸ்ப்ளே செட்டிங்ஸில் 'ஸ்கேல்' என்ற இடத்தில் 150 அல்லது 200 சதவிகிதம் வைத்தால் எல்லாமே பெரிதாகிவிடும்.

நாற்பத்தைந்து வயதைத் தாண்டியவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். படிக்கிற கண்ணாடி 16 அங்குலத்துக்குப் போட்டது. அதைப் போட்டுக்கொண்டு எட்டடியில் உள்ள டி.வி.யைப் பார்த்தால் மங்கலாகத்தான் தெரியும். அதற்குத் தூரத்துக் கண்ணாடிதான் வேண்டும்.

பிள்ளைகளுக்கு நல்லதா?

2020-ல் பள்ளிகளை மூடியபோது, எத்தனை பிள்ளைகள் கையகல செல்போனில் முகத்தைப் புதைத்துக்கொண்டு பாடம் படித்தன! எட்டு அங்குலத்தில் செல்போன் பார்க்கும் கண்ணின் லென்ஸ், எட்டடியில் டி.வி. பார்ப்பதைவிடப் பன்னிரண்டு மடங்கு அதிகமாக வேலை செய்ய வேண்டும். பாடத்தை வீடியோவில் பார்த்தே தீர வேண்டும் என்றால், செல்போனைவிட டி.வி. எவ்வளவோ மேல். இதை நான் தயங்காமல் சொல்வேன்.

ஆனால், "பெரிய ஸ்க்ரீன்தானே, கண்ணுக்கு ஒண்ணும் ஆகாது" என்று நேரத்தை நீட்டிவிடாதீர்கள். ஐந்து வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகள் ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் எந்தத் திரையையும் பார்க்க வேண்டாம் என்பது 2019-ல் உலக சுகாதார நிறுவனம் சொன்ன அறிவுரை. இரண்டு வயதுக்குள் திரையே வேண்டாம்.

சீனாவின் குவாங்சோ நகரில், முதல் வகுப்புப் பிள்ளைகளில் ஒரு பகுதியினரைப் பள்ளி நாட்களில் தினமும் 40 நிமிடம் கூடுதலாக வெளியே விட்டுப் பார்த்தார்கள். 2015-ல் முடிவு வந்தது. வழக்கம்போல் இருந்த பள்ளிகளில் மூன்று வருஷத்தில் நூற்றுக்கு 40 பேருக்குத் தூரத்தில் இருப்பது தெரியாமல் போனது. வெயிலும் காற்றும் கிடைத்த பிள்ளைகளில் அது 30 ஆகக் குறைந்தது. இதைவிட மலிவான கண் மருந்து உண்டா?

வீட்டுப் பெரியவர்களுக்கு

இங்கே மட்டும் என் தூரக் கணக்கைத் தள்ளி வைத்துவிடுங்கள். பார்வை மங்கிய பெரியவர், மூன்றடியில் உட்கார்ந்து பெரிய எழுத்தைப் படிப்பதால் கண் மேலும் கெடாது. "கிட்டப் போகாதீங்க மாமா" என்று அவரை அதட்டாதீர்கள். அவர் இருக்கிற பார்வையைப் பயன்படுத்திக்கொள்கிறார், அவ்வளவுதான். கறுப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்து வைத்தால் சிலருக்குக் கூச்சம் குறையும். மாற்றி மாற்றி வைத்து, எது வசதி என்று அவரையே கேளுங்கள்.

ஒரே எச்சரிக்கை: ஜன்னல் கம்பி வளைந்து தெரிகிறது, நடுவில் திடீரென்று இருட்டாக இருக்கிறது என்று அவர் சொன்னால், எழுத்தைப் பெரிதாக்கிக்கொண்டு இருக்காதீர்கள். அன்றைக்கே கண் டாக்டரிடம் அழைத்துப் போங்கள்.

ஒயரைச் செருகும் முன்...

* ஹெச்.டி.எம்.ஐ. ஒயர் ஒன்றே போதும். படம், சத்தம் இரண்டும் அதிலேயே வரும். பழைய கம்ப்யூட்டரில் உள்ள வி.ஜி.ஏ. ஒயரில் படம் மட்டும்தான் வரும்.

* விண்டோஸ் பட்டனையும் 'பி' எழுத்தையும் சேர்த்து அழுத்தினால், எந்தத் திரையில் படம் வர வேண்டும் என்று கேட்கும்.

* ஓரம் வெட்டுப்பட்டுத் தெரிந்தால் டி.வி.யின் படஅளவில் 'ஸ்க்ரீன் ஃபிட்' அல்லது 'ஜஸ்ட் ஸ்கேன்' இருக்கிறதா பாருங்கள். எழுத்தைச் சுற்றி வெள்ளைக் கோடு தெரிந்தால் 'ஷார்ப்னெஸ்'ஸைக் குறையுங்கள். 'விவிட்' வேண்டாம். கடையில் பளபளக்க வைத்தது அது!

* அறையை இருட்டாக்காதீர்கள். ஜன்னல் வெளிச்சம் திரையில் பட்டுக் கூசவும் கூடாது. திரையின் மேல்விளிம்பு, உட்கார்ந்திருப்பவர் கண் மட்டத்தைத் தாண்டாமல் இருந்தால் நல்லது. பூஜை அலமாரி உயரத்தில் மாட்டிய டி.வி. படிப்பதற்கு ஆகாது.

* இருபது நிமிஷத்துக்கு ஒரு தடவை, இருபதடி தூரத்தில் உள்ள எதையாவது இருபது விநாடி பாருங்கள். எதிர்வீட்டு மொட்டைமாடிக் கொடியில் காயும் துணி போதும்!

* ஒயரை நடைபாதையில் போடாதீர்கள். பெரியவர்கள் தடுக்கி விழுந்தால் இடுப்பெலும்பு போய்விடும். சுவரோரமாக ஒட்டி விடுங்கள்.

* லேப்டாப்பையோ டி.வி.யின் பின்புறத்தையோ தொட்டால் 'சுருக்'கென்று இழுக்கிறதா? எர்த் சரியாக இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனிடம் காட்டுங்கள். எப்போதும் இரண்டையும் அணைத்துவிட்டு ஒயரைச் செருகுங்கள்.

இன்னும் ஒன்று. டி.வி. என்பது வீட்டுக்குப் பொதுவான பொருள். கம்ப்யூட்டர் ஒருத்தருடைய வேலை. ஹால் டி.வி.யில் ஆபீஸ் கணக்கு ஓட ஆரம்பித்தால், ராத்திரி பத்து மணிக்கும் ஆபீஸ் ஹாலில்தான் உட்கார்ந்திருக்கும். வேலை முடிந்ததும் ஒயரைக் கழற்றிச் சுருட்டி வைத்துவிடுங்கள். அது கண்ணுக்கும் ஓய்வு, குடும்பத்துக்கும் ஓய்வு.

என் மகன் இப்போது லேப்டாப்பை நாலு தடிமனான புத்தகத்தின் மேல் வைத்து, தனிக் கீபோர்டு செருகிப் படிக்கிறான். கழுத்து வலி போய்விட்டது.

என் மாமனாரோ, காலையில் நான் காபியோடு போவதற்குள் பேப்பரை முடித்துவிடுகிறார். "இன்னிக்கு ஒன்பது மணிக்குக் கரண்ட் போயிடுமாம். மிக்சி வேலையெல்லாம் சீக்கிரம் முடிச்சுக்கோம்மா" என்றார் நேற்று.

ஒரு வருஷத்துக்குப் பிறகு, அவர் எனக்குச் சொன்ன முதல் செய்தி அது. உங்கள் வீட்டுப் பரணிலும் ஒரு பழைய டி.வி. தூங்கிக்கொண்டிருந்தால், அது யாருக்கு வேண்டும் என்று யோசித்துவிட்டு அப்புறம் ஒயர் வாங்கப் போங்கள்.