செவ்வாய்க்கிழமை எங்கே போவாள்?

கரோல்பாக், ஆர்.கே. புரம், மயூர் விஹார் என்று எந்தத் தமிழ் வீட்டுக்குப் போனாலும் இப்போதெல்லாம் காபி வருவதற்கு முன்னால் கைபேசி வந்துவிடுகிறது. "இது நயாகராவில் எடுத்தது. இது கிராண்ட் கான்யன். இது ஹூஸ்டன் பக்கத்தில் பேர்லாண்ட் மீனாட்சி கோயில். பாருங்கோ, கோபுரம் நம்ம ஊர் மாதிரியே இல்லை?" முன்பு தடிமனான ஆல்பத்தை மடியில் வைப்பார்கள், இப்போது விரலால் தள்ளுகிறார்கள். பெண்ணும் மாப்பிள்ளையும் நீல பிளாஸ்டிக் கோட்டைப் போட்டுக்கொண்டு அருவிச் சாரலில் நின்று சிரிக்கிறார்கள். பார்க்க நமக்கும் சந்தோஷமாகத்தான் இருக்கிறது.

ஆனால் அந்தப் படங்களை வைத்துக்கொண்டு, "குழந்தைகள் அங்கே ரொம்ப சௌக்கியம்" என்று முடிவு கட்டிவிடுகிறோமே, அதில்தான் எனக்கு உடன்பாடு இல்லை. உல்லாசப் பிரயாணம் போகும் நாட்கள் வருஷத்தில் பதினைந்தோ இருபதோ இருக்கும். மீதி நாட்கள்? ஒரு சாதாரணச் செவ்வாய்க்கிழமை, காலை பதினோரு மணி, கணவன் ஆபீஸில் இருக்கிறான். அந்தப் பெண் யாரையும் கேட்காமல், யாரையும் எதிர்பார்க்காமல், வாசற்கதவைப் பூட்டிக்கொண்டு எங்கே போக முடியும்? வெளிநாட்டுக் குடித்தனத்தை அளக்க இதைவிட நல்ல கேள்வி எனக்குத் தோன்றவில்லை.

டல்லாஸ் நகருக்கு வடக்கே உள்ள ஒரு புறநகரில் எங்கள் உறவுத் தம்பதியுடன் நானும் என் மனைவியும் இரண்டு மாதம் தங்கியிருந்தோம். வீட்டைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். நம் தில்லி டி.டி.ஏ. ஃபிளாட்டுகள் மூன்றை உள்ளே வைக்கலாம். ஆனால் வாசலில் இறங்கினால் போவதற்கு இடமில்லை. அந்த வட்டாரத்துக்கு 'டார்ட்' என்று ரயிலும் பஸ்ஸும் உண்டு. எல்லா ஊர்களும் அதில் சேரவில்லை; இந்தியர்கள் ஏராளமாகக் குடியேறியிருக்கும் ஃபிரிஸ்கோ உள்பட. சேராத ஊரில் தெருமுனை பஸ் ஸ்டாப் என்ற பேச்சுக்கே இடமில்லை. எங்கள் வீட்டிலிருந்து பால் வாங்க இரண்டு மைல் போகவேண்டும். நடுவில் ஆறு வரிசைக் கார்கள் பறக்கும் சாலை. வெயிலோ, நம் ஜூன் மாதத்துக்குச் சளைத்ததில்லை. இருந்த ஒரே காரை அவன் எட்டு மணிக்கு எடுத்துப் போய்விடுவான்.

இன்னொரு கார் வாங்கினால் போயிற்று என்பீர்கள். விசாவில் தங்கியிருப்பவர்களுக்கு ஓட்டுநர் லைசென்ஸ், அந்த நாட்டில் தங்க அனுமதித்த தேதி வரைதான். அனுமதியை நீட்டிக்க மனுப் போட்டுவிட்டுக் காத்திருக்கும்போது லைசென்ஸ் முடிந்துபோகலாம். நாங்கள் இருந்த சமயம் அந்தப் பெண்ணுக்கு அதுதான் நடந்தது. எம்.எஸ்ஸி. படித்து, குர்காவ்னில் நாலு வருஷம் வேலை பார்த்து, மெட்ரோவில் தனியாகப் போய்வந்தவள், மாமியின் மருந்துக்காகப் பக்கத்து வீட்டுக்காரரிடம் "இன்றைக்குக் கடைப்பக்கம் போவீர்களா?" என்று கேட்டுக்கொண்டு நின்றாள்.

வேலை விஷயமும் இப்படித்தான். கணவன் எச்-1பி விசாவில் போனால் மனைவிக்கு எச்-4. அதில் படிக்கலாம், சம்பாதிக்கக் கூடாது. 2015 மே 26 முதல் ஒரு பகுதியினருக்கு மட்டும் வேலை அனுமதிக்கு வழி திறந்தது. பெரும்பாலும், கணவனின் கிரீன் கார்டு மனு ஒரு கட்டம் தாண்டி அங்கீகாரம் ஆகியிருக்க வேண்டும். புதிதாகக் கல்யாணமாகிப் போகிறவளுக்கு அது எத்தனை வருஷத்தில் வரும் என்பது கணவனின் கம்பெனி எப்போது மனுப் போடுகிறது என்பதைப் பொறுத்தது. வேலை அனுமதி இல்லாவிட்டால் சோஷல் செக்யூரிட்டி எண்ணும் தருவதில்லை. கரண்ட் பில்லிலிருந்து கடன் அட்டை வரை எல்லாம் அவன் பெயரில்.

இப்போது அந்த வாரக்கடைசிப் படங்களுக்கு வருவோம். வெள்ளிக்கிழமை இரவே புளியோதரை கிளறி, தயிர்சாதத்துக்குப் பாலை ஊற்றி, பேப்பர் தட்டு, ஐஸ் பெட்டி எல்லாம் எடுத்து வைத்துவிடுவாள். பேர்லாண்ட் போக ஐந்து மணி நேரம் கார் ஓட்டவேண்டும். அவனுக்கோ வாரமெல்லாம் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்த முதுகு. சனிக்கிழமையாவது ஒன்பது மணி வரை தூங்கவேண்டும். இவள் ஏழு மணிக்குப் புடவை கட்டிக்கொண்டு தயார். அந்த வீட்டில் நான் கேட்ட சண்டைகள் எல்லாம் சனிக்கிழமை காலையில் கேட்டவைதான். இரண்டு பேர் மேலும் தப்பில்லை. அவனுக்கு வீடு என்றால் ஓய்வு. அவள் ஐந்து நாளும் அந்த நாலு சுவருக்குள்ளேயே இருந்தவள். கோயிலில் எடுத்த படத்தில் இந்தச் சண்டை தெரியாது.

இன்னொன்று. ஊர் சுற்றுவதில் பாதி, ஊருக்கு வரமுடியாததன் பலன். அங்கே தங்க அனுமதி நீட்டித்திருந்தாலும், பாஸ்போர்ட்டில் உள்ள விசா முடிந்திருந்தால், இங்கு வந்தபின் புதிதாக முத்திரை வாங்கித்தான் திரும்ப வேண்டும். அது தாமதமானால் வேலை என்னாவது? 2025 செப்டம்பர் 19-ஆம் தேதி, எச்-1பி மனுவுக்கு ஒரு லட்சம் டாலர் கட்டணம் என்று அறிவிப்பு வந்தபோது, விடுமுறையில் இந்தியா வந்திருந்தவர்கள் கிடைத்த விமானத்தில் திரும்ப ஓடினார்கள். புதிய மனுக்களுக்கு மட்டும்தான் என்று மறுநாள் விளக்கம் வந்தது. டிக்கெட் வாங்கியவர்கள் வாங்கியதுதான். தங்கை கல்யாணத்துக்கு வராமல் கிராண்ட் கான்யனில் நிற்கிறவளைப் பார்த்து, "பாசமே இல்லை" என்று பேசுகிறவர்கள் இதைத் தெரிந்துகொண்டு பேசினால் நல்லது.

எல்லா தேசமும் இப்படி இல்லை. ஜெர்மனியில் மியூனிக்கில் என் மருமானும் அவன் மனைவியும் இருக்கிறார்கள். அங்கே பத்து நாள் இருந்தோம். மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது, துணி துவைக்கும் மிஷின் தரையடி அறையில், எல்லாக் குடித்தனத்துக்கும் பொது. ஞாயிற்றுக்கிழமை கடைகள் அடைப்பு. அன்று சுவரில் ஆணி அடித்தால்கூடப் பக்கத்து வீட்டுக்காரர் வந்து மணியடிப்பார். பாஷையோ பெரிய மலை. ஆனால் அந்தப் பெண் கையில் மாதாந்திர டிக்கெட் இருக்கிறது. 2023 மே மாதம் 49 யூரோவுக்கு ஆரம்பித்தது, 2026 ஜனவரியிலிருந்து 63 யூரோ. தொலைதூர விரைவு ரயில்கள் தவிர, நாடு முழுவதும் பஸ், டிராம், ரயில் எல்லாவற்றிலும் ஏறலாம். ஒரு நாள் என் மனைவியும் அவளும், இரண்டு பேர் மட்டும், ஸ்டார்ன்பெர்க் ஏரிக்கரைக்கு ரயிலில் போய், கையோடு கொண்டுபோன இட்லியைச் சாப்பிட்டுவிட்டு மாலை திரும்பினார்கள். எங்களைக் கேட்கவும் இல்லை, கூப்பிடவும் இல்லை! நீல அட்டை என்ற அனுமதியில் போகிறவரின் மனைவிக்கு வேலை பார்க்கவும் அங்கே தடை கிடையாது. பாஷை வகுப்பு முடிந்ததும் அவள் தேட ஆரம்பித்துவிட்டாள்.

ஜெர்மனி உசத்தி, அமெரிக்கா மட்டம் என்று நான் சொல்லவரவில்லை. நியூயார்க்கில் ஃபிளஷிங் பிள்ளையார் கோயிலுக்குப் பாதாள ரயிலும் கொஞ்சம் நடையுமாகப் போய்விடலாம், அதுவும் அமெரிக்காதான். எந்தத் தேசம் என்பதைவிட எந்த ஊர், எந்தத் தெரு, எந்த விசா என்பதுதான் கேள்வி.

தில்லித் தமிழர்களான நமக்கு இது முன்பே புரிந்திருக்க வேண்டும். என் தாயார் 1961-ல் கல்யாணமாகிக் கரோல்பாக்குக்கு வந்தபோது தெரிந்த இந்தி, 'ஆலு', 'பியாஜ்' இரண்டே வார்த்தை. ஆறு மாதத்தில் அஜ்மல்கான் ரோட்டில் பேரம் பேசினாள். ஒரு வருஷத்தில் டி.டி.யு. பஸ்ஸில் ஏறிச் சிநேகிதி வீட்டுக்குப் போய்வந்தாள். இதற்கு அவள் சாமர்த்தியம் மட்டும் காரணமில்லை. கடை நடக்கிற தூரத்தில் இருந்தது, பஸ் வந்தது, எதிர்வீட்டில் இன்னொரு தமிழ் மாமி இருந்தாள்.

ஆகவே வெளிநாட்டு வரன் வந்தால், சம்பளம் எவ்வளவு, சொந்த வீடா என்று விசாரிப்பதோடு கூட நாலு கேள்வி கேளுங்கள். என்ன விசா? அதில் பெண் வேலை பார்க்க முடியுமா, எப்போதிலிருந்து? பஸ் உண்டா, இல்லையென்றால் அவளுக்கென்று கார் வாங்க உத்தேசமா? வங்கிக் கணக்கில் அவள் பெயர் இருக்குமா? அவளுடைய பாஸ்போர்ட் அவள் கையில் இருக்குமா? ஜாதகத்தில் ஏழாம் இடத்தை மூன்று ஜோசியரிடம் காட்டுகிற நாம் இதைக் கேட்கக் கூச்சப்படுகிறோம். "பையன் வீட்டார் தப்பாக எடுத்துக்கொள்வார்கள்" என்கிறார்கள். போன தை மாதம் நொய்டாவில் ஒரு குடும்பத்தில் கேட்டார்கள். பையனின் தகப்பனாருக்குக் கொஞ்சம் முகம் சுருங்கியது உண்மை. பையன் மறுநாளே வீட்டைச் சுற்றியுள்ள தெருக்களின் வரைபடத்தை அனுப்பி, நூலகத்துக்கு இத்தனை நிமிஷம், காய்கறிக் கடைக்கு இத்தனை நிமிஷம் என்று குறித்திருந்தான். பஸ் இல்லை என்பதையும் மறைக்காமல் எழுதியிருந்தான். பெண் இப்போது லக்ஷ்மி நகரில் கார் ஓட்டக் கற்றுக்கொண்டிருக்கிறாள்.