மூன்றாம் பலகையில் அமர்வது குறைவா?

சென்ற ஆண்டு பள்ளி விடுமுறையில் டெங்கில் தாமான் பெர்மாத்தாவில் ஐந்து பிள்ளைகளுக்குச் சதுரங்கம் சொல்லிக் கொடுத்தேன். புத்ராஜெயா உருவாவதற்காகத் தோட்டங்களை விட்டு வெளியேறிய குடும்பங்களின் பேரப்பிள்ளைகள் அவர்கள். வட்டார அணிப் போட்டி ஒன்றுக்குப் பெயர் கொடுக்க வேண்டியிருந்தது. நால்வர் ஆடுவர், ஒருவர் மாற்று ஆட்டக்காரர். பெயர்களை வரிசையாக எழுதிச் சுவரில் ஒட்டினேன். அன்றிரவே ஒரு தந்தை என்னைத் தேடி வந்துவிட்டார்.

“தம்பி, இருக்கிற பிள்ளைங்கள்ல என் மகன்தான் நல்லா ஆடுறான்னு நீங்களே சொன்னீங்க. அப்புறம் ஏன் அவன் பேரை மூணாவதா போட்டிருக்கீங்க?”

“ஆமாண்ணே, அவன்தான் நல்லா ஆடுறான். அதனாலதான் மூணாவது” என்றேன். அவர் முகம் இன்னும் இறுகிப் போனது.

அவர் கோபத்தில் தவறில்லை என்று இன்று நினைக்கிறேன். அவர் கேட்ட கேள்வி, உலகச் சதுரங்கத்தில் பெரிய பெரிய ஆட்டக்காரர்களே கேட்ட கேள்விதான்.

சதுரங்கம் தனியாள் விளையாட்டு. ஆனால் அணிப் போட்டி என்று வந்துவிட்டால் அதற்கு வேறு கணக்கு உண்டு. ஒலிம்பியாட்டில் ஒவ்வோர் அணியிலும் ஐவர் இருப்பர். ஒரு சுற்றில் நால்வர் ஆடுவர். நம் முதல் பலகை எதிரணியின் முதல் பலகையோடு மோதும். இரண்டாவது இரண்டாவதோடு மோதும். போட்டி தொடங்குமுன் கொடுத்த வரிசையைப் பின்னர் மாற்ற முடியாது. ஒருவர் ஓய்வெடுத்தால் அவருக்குக் கீழே இருப்பவர்கள் ஒரு படி மேலே நகர்வார்கள். ஒரு சுற்றில் 1, 3ஆம் பலகைகளுக்கு வெள்ளைக் காய் கிடைத்தால் 2, 4ஆம் பலகைகளுக்குக் கறுப்பு. நான்கில் இரண்டரைப் புள்ளி எடுத்துவிட்டால் அந்தச் சுற்று நமக்கு. அந்த இரண்டரை எந்தப் பலகையிலிருந்து வந்தது என்று புள்ளிப் பட்டியல் கேட்பதில்லை.

ஆனால் மனிதர்கள் கேட்கிறார்கள். 1958இல் மூனிக் ஒலிம்பியாட்டுக்கு அமெரிக்க அணியைத் தேர்ந்தெடுத்தபோது, பாபி ஃபிஷர் 15 வயதுச் சிறுவன். ஆனால் அமெரிக்க வெற்றியாளர். தனக்கே முதல் பலகை வேண்டும் என்றார். மூத்தவரான ரெஷெவ்ஸ்கிக்கே அது என்று முடிவானது. ஃபிஷர் போட்டிக்கே போகவில்லை. அமெரிக்கா நான்காம் இடத்தில் முடித்தது. 1960இல் லைப்சிக்கில் ஃபிஷர் முதல் பலகையில் ஆடினார். அப்போது ரெஷெவ்ஸ்கி அணியில் இல்லை. அந்த அணி வெள்ளி வென்றது.

இதே ஃபிஷர் 1970இல் என்ன செய்தார் தெரியுமா? பெல்கிரேடில் சோவியத் அணிக்கும் உலக அணிக்கும் பத்துப் பலகைகளில் போட்டி. அண்மைய ஆண்டுகளில் போட்டிகளை வென்றவன் நான், எனவே முதல் பலகை எனக்கே என்றார் டென்மார்க்கின் லார்சன். எல்லாரும் வியக்கும்படி ஃபிஷர் விட்டுக்கொடுத்தார். இரண்டாம் பலகையில் அமர்ந்து முன்னாள் உலக வெற்றியாளர் பெட்ரோசியனை 3–1 என்று வென்றார். லார்சனும் முதல் பலகையில் நான்கில் இரண்டரைப் புள்ளி எடுத்தார். உலக அணி 19½–20½ என்று ஒரே புள்ளியில் தோற்றது உண்மை. ஆனால் அந்தத் தோல்விக்கு மேலிரண்டு பலகைகள் காரணமல்ல. இரண்டாம் பலகையில் அமர்ந்ததால் ஃபிஷர் சிறுத்துப் போகவும் இல்லை. இரண்டே ஆண்டுகளில் உலக வெற்றியாளரானார்.

இனி நம்மவர்களைப் பார்ப்போம். 2022இல் மாமல்லபுரத்தில் நடந்த 44ஆவது ஒலிம்பியாட்டில் இந்தியாவின் இரண்டாவது அணிக்கு ஆர். பி. ரமேஷ் தலைமைப் பொறுப்பேற்றிருந்தார். பிரக்ஞானந்தாவை வளர்த்த குரு அவர். முதல் பலகையில் தம் சீடனை அமர்த்தவில்லை. 16 வயது குகேஷ் முதல் பலகை, நிஹால் சரின் இரண்டாவது, பிரக்ஞானந்தா மூன்றாவது. அவர்களைவிடப் பத்து வயதுக்கு மேல் மூத்தவர், 2014இலேயே இந்தியாவுக்கு ஒலிம்பியாட் வெண்கலம் வென்ற அணியில் ஆடியவர் அதிபன். அவர் நான்காம் பலகையில் அமர்ந்தார். குகேஷ் முதல் எட்டு ஆட்டங்களையும் வென்றார். 11ஆவது நிலையில் தரப்படுத்தப்பட்டிருந்த அந்த அணி வெண்கலம் வென்றது.

அடுத்து 2024, புடாபெஸ்ட். இந்திய அணியில் அன்று அதிகத் தரப்புள்ளி வைத்திருந்தவர் அர்ஜுன் எரிகைசி: 2778. குகேஷ் 2764, பிரக்ஞானந்தா 2750. வெறும் எண்ணைப் பார்த்தால் அர்ஜுன்தான் முதல் பலகை. ஆனால் அணித் தலைவர் ஸ்ரீநாத் நாராயணன் தலைமையில் களமிறங்கிய வரிசை குகேஷ், பிரக்ஞானந்தா, அர்ஜுன் என்று இருந்தது. மூன்றாம் பலகையில் அர்ஜுன் 11 ஆட்டங்களிலும் ஆடி 10 புள்ளிகள் குவித்தார். முதல் பலகையில் குகேஷ் 10 ஆட்டங்களில் 9 புள்ளிகள் எடுத்தார். இருவருக்கும் தத்தம் பலகைக்கான தங்கம் கிடைத்தது. இந்தியா 22க்கு 21 புள்ளிகளோடு தன் முதல் ஒலிம்பியாட் தங்கத்தை வென்றது. மூன்றாம் பலகையில் ஆடிய அர்ஜுனை உலகம் மறந்துவிடவில்லை. அவ்வாண்டு டிசம்பரில் அவர் தரப்புள்ளி 2801ஐத் தொட்டது.

“அப்படியானால் பலமானவரைக் கீழே போடுவதுதான் தந்திரமா?” என்று சிலர் கேட்கலாம். இங்கேதான் நாம் கவனமாக இருக்க வேண்டும். நம் பள்ளிப் போட்டிகளில் இத்தந்திரத்தின் இன்னொரு முகத்தை நான் பட்டறிந்திருக்கிறேன்.

இடைநிலைப்பள்ளியில் படித்தபோது என்னை முதல் பலகையில் போட்டார்கள். வீட்டில் பெருமையாகச் சொன்னேன். அம்மா புதுச் சட்டை வாங்கித் தந்தார். ஐந்து சுற்றிலும் தோற்றேன். நால்வரில் நானே பலவீனமானவன் என்பதும், எதிரணியின் சிறந்த ஆட்டக்காரருக்கு இரையாகவே என்னை அங்கே வைத்தார்கள் என்பதும் கடைசி நாளில்தான் தெரிந்தது. எங்கள் அணி மூன்று சுற்றுகளில் வென்றது. கணக்கு சரிதான். ஆனால் பல்கலைக்கழகம் வரும் வரையில் நான் சதுரங்கப் பலகையைத் தொடவே இல்லை.

புடாபெஸ்டில் குகேஷ் பலிகடா அல்லர். முதல் பலகையின் சுமையைத் தாங்கக்கூடியவர், அதை விரும்பி ஏற்பவர். அவர் அங்கே நின்றதால்தான் அர்ஜுன் மூன்றாம் பலகையில் வெற்றிகளைக் குவிப்பது அணிக்கு இலாபமாயிற்று. மேலே இருப்பவர் விழுந்துகொண்டே இருந்தால், கீழே இருப்பவர் வென்றதெல்லாம் அந்தப் பள்ளத்தை நிரப்பவே சரியாகிவிடும்.

ஆகவே என் கருத்து இதுதான். பலகை வரிசை தகுதிப் பட்டியல் அன்று, வேலைப் பங்கீடு. வலியவரிடம் கறுப்புக் காயிலும் தோற்காமல் நிற்பது ஒரு வேலை. சமமானவரை விடாமல் வெல்வது இன்னொரு வேலை. யாருக்கு எது பொருந்தும் என்று பார்த்துக் கொடுக்க வேண்டும். வயது, தரப்புள்ளி, குரு–சீடன் உறவு ஆகியவை தாமாகவே முடிவைச் சொல்லிவிடக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாக, ஏன் அங்கே அமர்கிறோம் என்பது அமர்பவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். அவர் இசைவும் வேண்டும். 1958இன் ஃபிஷருக்கும் 1970இன் ஃபிஷருக்கும் உள்ள வேறுபாடு அந்த இசைவில்தான் இருக்கிறது. முதலாவது பிறர் எடுத்த முடிவு. இரண்டாவது அவரே ஒப்புக்கொண்டது.

இது சதுரங்கத்தோடு நிற்கும் செய்தியா? நம் இயக்கங்களில் அழைப்பிதழில் யார் பெயர் முதலில், மேடையில் யாருக்கு நடு நாற்காலி, யாருக்கு முதல் மாலை என்பதில் எத்தனை நட்புகள் முறிந்திருக்கின்றன! செயலவைப் பட்டியலைக் கூட நாம் ஏணியாகத்தான் பார்க்கிறோம். தலைவர் பதவி கிடைக்காதவர் அடுத்த கூட்டத்திற்கே வருவதில்லை. மூன்றாம் பலகையில் தங்கம் உண்டு என்பதை நாம் இன்னும் நம்பத் தயாராகவில்லை.

டெங்கில் அணிக்கு வருகிறேன். முதல் பலகையில் நான் எழுதியிருந்தது படிவம் ஒன்று பயிலும் ஒரு மாணவியின் பெயர். அவள் அதிகம் வெல்லமாட்டாள். ஆனால் எளிதில் தோற்கவும் மாட்டாள். அண்ணனுடைய மகன் தாக்கி ஆடுபவன். இதையெல்லாம் அன்றிரவு விளக்கினேன். “இதை முன்னாடியே சொல்லியிருக்கலாமே தம்பி” என்றார். பதில் சொல்ல முடியவில்லை. என்னிடம் பிறர் செய்த அதே தவற்றை நானும் செய்திருந்தேன். காரணத்தைச் சொல்லாமல் பட்டியலைச் சுவரில் ஒட்டியிருந்தேன்.

மறுநாள் தாளைக் கிழித்துவிட்டு ஐவரையும் உட்கார வைத்துப் பேசினேன். அந்த மாணவி கொஞ்சம் யோசித்துவிட்டு, “நான் முதல் பலகையிலேயே ஆடுறேன் அண்ணா” என்றாள். பையன் மூன்றாவதற்குச் சம்மதித்தான். வரிசை மாறவில்லை. போட்டியில் அவள் இரண்டு ஆட்டங்களைச் சமன் செய்தாள். அவன் நான்கில் வென்றான். பரிசு எதுவும் கிடைக்கவில்லை. ஆனால் ஐவரும் அடுத்த வாரமும் பயிற்சிக்கு வந்தார்கள். அவனை மோட்டார் சைக்கிளில் கொண்டுவந்து விட்டவர் அந்த அண்ணன்தான்.