டிரைபாடின் உறுதி விலையில் இல்லை

நான்கு கிலோ எடையுள்ள டெலிபோட்டோ லென்ஸுக்கு விலையுயர்ந்த கார்பன் ஃபைபர் டிரைபாட்தான் சரி, மலிவானது எதுவும் ஆடும் என்பது ஒளிப்படக்காரர்களிடம் வேரூன்றிவிட்ட கருத்து. அதற்குச் சொல்லப்படும் காரணங்கள் எதுவும் முழுமையாக நிற்பதில்லை.

கார்பன் ஃபைபர்தான் உறுதி என்பது முதல் காரணம். அலுமினியத்தின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 2.7 கிராம், கார்பன் கலவையின் அடர்த்தி சுமார் 1.6. கூடுதல் பணம் பெரும்பாலும் இந்த எடைக் குறைப்புக்கே போகிறது. மலையேறிப் படமெடுப்பவருக்கு அது தகுந்த செலவு. அதிர்வை விரைவாக அடக்குவதிலும் கார்பனுக்கு ஓரளவு மேன்மை உண்டு. ஆனால் கால் வளையாமல் நிற்பதில் பொருளைவிடக் குழாயின் விட்டத்துக்கே பங்கு அதிகம். சுவரின் தடிமன் மாறாமல் விட்டம் இரட்டித்தால் விறைப்பு ஏறத்தாழ எட்டு மடங்காகும். மேல் குழாய் 28 மி.மீ., மூன்றாவது குழாய் 22 மி.மீ. என்றால், அந்தக் கடைசிப் பகுதியின் விறைப்பு மேலே உள்ளதில் பாதிதான். நான்காவதாக 19 மி.மீ. குழாயும் சேர்ந்தால் மூன்றில் ஒரு பங்குகூடத் தேறாது. மலிவான டிரைபாட் ஆடுவது பெரும்பாலும் இதனால்தான்: சுருக்கி மடிக்க வேண்டும் என்பதற்காக மெல்லிய குழாய்களை அடுக்கி, நடுவில் உயர்த்தும் தண்டையும் வைத்துவிடுகிறார்கள். தண்டை உயர்த்தியதும் மூன்று கால்களின் பலன் போய், கேமரா ஒற்றைக் குழாயின் நுனியில் நிற்கிறது.

தாங்கும் எடையைப் பார்த்து வாங்கினால் போதும் என்பது அடுத்த வாதம். அட்டையில் அச்சிட்ட கிலோ கணக்கை எல்லா நிறுவனங்களும் ஒரே முறையில் அளப்பதில்லை. கால் சரியாத எடையை அது சொல்லலாம். படம் கலங்காத எடையைச் சொல்வதில்லை. 45 மெகாபிக்சல் முழுச்சட்டகக் கேமராவில் 600 மி.மீ. லென்ஸைப் பொருத்தினால், ஒரு பிக்சல் பிடிக்கும் கோணம் ஒரு பாகையில் சுமார் 2400இல் ஒரு பங்கு. அந்த அளவு அசைவே கூர்மையைத் தின்னத் தொடங்கும்.

கேமராக் கடையில் கிடைப்பதுதான் கேமராவுக்கு ஆகும் என்ற நம்பிக்கையும் தேவையற்றது. நில அளவையாளர்கள் டோட்டல் ஸ்டேஷனை ஏற்றிவைக்கும் டிரைபாட், கோணத்தை வில்நொடிக் கணக்கில் அளக்கும் கருவிக்காகவே செய்யப்பட்டது. தடித்த மரம், அலுமினியம் அல்லது ஃபைபர்கிளாஸ் கால்கள், இரண்டே பகுதிகள், நடுத்தண்டு இல்லை. அதன் திருகு 5/8 அங்குலம், கேமராத் தலைப்பகுதிக்கு வேண்டியது 3/8 அங்குலம். இடையில் ஒரு சிறிய அடாப்டர் போதும். குறைகளும் உண்டு: சுமக்கக் கனம், தரையோடு தாழ்த்த முடியாது, கூர்முனைகள் வழவழப்பான தளத்தில் வழுக்கும். வண்டி போகும் இடத்தில் நின்று படமெடுப்பவருக்கு இதைவிட மலிவான உறுதி கிடைப்பது அரிது.

பழைய வீடியோ டிரைபாடும் நல்ல தேர்வே. வாங்கும் முன் லென்ஸைப் பொருத்தி, லைவ் வியூவை முழுதும் பெரிதாக்கி, லென்ஸை விரலால் தட்டிப் பார்க்கலாம். படம் சட்டென அடங்கினால் வாங்கத் தக்கது. ஆடிக்கொண்டே இருந்தால், தலைப்பகுதியைக் கழற்றி வேறொன்றை மாட்டி மீண்டும் தட்ட வேண்டும். பல நேரம் குற்றம் கால்களில் இருப்பதில்லை, தளர்ந்த தலைப்பகுதியில் இருக்கும்.