நாகூர் பக்கம், மாஹே எதிரணி!

கீழவாஞ்சூர் என்றதும் தமிழ்நாட்டுக்காரர்கள் சிலர் முகத்தில் ஒரு புன்னகை வருமே... அது இல்லை சார், நான் சொல்ல வந்தது ஃபுட்பால்!

செக்போஸ்ட்டைத் தாண்டினால் நாகூர். ஆனால், வாஞ்சூர்ப் பையன் காரைக்கால் அரசுக் கல்லூரியில் சேர்ந்துவிட்டால், நாகப்பட்டினம் கல்லூரிகளோடு மோத முடியாது. அவை வேறு பல்கலைக்கழகம். இவனுக்கு 1985-ல் வந்த புதுவைப் பல்கலைக்கழகம். அதனால் எதிரணி அரபிக்கடலோர மாஹே. இல்லாவிட்டால் கோதாவரிப் பக்கத்து ஏனாம்! பிரெஞ்சுக்காரன் 1954-லேயே மூட்டை கட்டிவிட்டான். ஃபிக்ஸ்சர் மட்டும் இன்னமும் அவன் மேப்படிதான்.

புதுச்சேரியில் போட்டி என்றால் சுமார் 130 கிலோமீட்டர் பஸ். சின்னக் கல்லூரியில் ஆள் ஏது? காலையில் 400 மீட்டர் ஓடினவனே சாயங்காலம் லெஃப்ட் பேக். முட்டி பெயர்ந்தாலும் போகத்தான் வேண்டும். ஸ்போர்ட்ஸ் கோட்டாவுக்கு சர்டிஃபிகேட் வேணுமே!

நாகூர்ப் பையனோடு முறைப்படி ஆடணுமா? இரண்டு பேரும் அவரவர் பல்கலைக்கழக அணிக்குத் தேர்வாகி, தென்மண்டலப் போட்டிக்குப் போய், அங்கே டிராவில் எதிரெதிரே விழணும். அதுவரை கடற்கரை மணலில் ஆடிக்கொள்ளலாம். கோல் எத்தனை போட்டாலும் சர்டிஃபிகேட் கிடையாது.